சாமி, எங்க தாத்தா எங்கே?

ஒரு கால் தொட்டிக்குள்ளே, மறு கால் வெளியே. ஃப்ரீசிய மன்னர் ராட்போட் இந்தக் கோலத்தில் நிற்கும்போதுதான் அவருக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

இடம், இன்றைய நெதர்லாந்தின் கடற்கரை. காலம், ஏறக்குறைய கி.பி. 700. ராட்போட் லேசுப்பட்ட ஆள் இல்லை. பின்னாளில் ஐரோப்பாவையே ஆட்டிவைத்த சார்லஸ் மார்ட்டெல் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் தோற்றார். 716இல் கொலோன் அருகே அந்தத் தோல்வியைப் பரிசளித்தவர் இவர்தான். அப்படிப்பட்டவரைப் பேசிப் பேசிக் கரைத்து, ஞானஸ்நானத் தொட்டி வரைக்கும் நடத்திக்கொண்டு வந்துவிட்டார் ஆயர் வுல்ஃப்ராம். தண்ணீர் தயார், ஜெபம் தயார். ராஜாவும் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டார்.

“சாமி, ஒரே ஒரு சந்தேகம். எங்க அப்பா, தாத்தா, முப்பாட்டன், இதுவரைக்கும் இந்த நாட்டை ஆண்ட ராஜாக்கள் எல்லாரும் இப்போ எங்கே இருக்காங்க? நீங்க சொல்ற மோட்சத்திலா, இல்லே அந்த இன்னொரு இடத்திலா?”

நாலு இடம் போய்வந்த பெரியவர் யாராக இருந்தாலும் இந்த இடத்தில் லேசாக இருமியிருப்பார். “அதெல்லாம் ஆண்டவர் சித்தம். நீங்க முதல்ல அந்தக் காலையும் உள்ளே வைங்க” என்று பேச்சை மாற்றியிருப்பார். வுல்ஃப்ராமுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. ஞானஸ்நானம் வாங்காமல் செத்தவர்களுக்கு நரகம்தான், அதில் சந்தேகமே வேண்டாம் என்று பட்டென்று போட்டு உடைத்தார்.

ராட்போட் காலை வெளியே எடுத்தார். நம்ம ஆட்கள் அத்தனை பேரையும் விட்டுவிட்டு, மோட்சத்தில் முன்பின் தெரியாத நாலு ஏழைபாழைகளோடு உட்கார்ந்திருந்து என்ன லாபம், அவர்கள் இருக்கிற இடமே தனக்கும் போதும் என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். 719இல் இறந்தும்போனார், ஒற்றைக் கால் மட்டும் நனைந்த அஞ்ஞானியாக.

இந்தக் கதையை எழுதிவைத்தவர்கள் வுல்ஃப்ராமைக் கொண்டாடிய மடத்துத் துறவிகள். சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து எழுதினார்கள். தேதிகளைக் கூட்டிக் கழித்துப் பார்க்கும் சரித்திர ஆசிரியர்கள் தலையைச் சொறிகிறார்கள். அது கிடக்கட்டும். துறவிகள் இதை எழுதியது ராஜாவின் பிடிவாதத்தையும் மடத்தனத்தையும் உலகுக்குக் காட்டத்தான். ஆனால் ஆயிரத்து இருநூறு வருஷமாகப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் ராஜா பக்கமே சாய்கிறார்கள். பிரச்சாரம் என்றால் இப்படியா பிசக வேண்டும்!

கிறிஸ்தவ நரகத்தின் வரலாறு என்றவுடன் நெருப்பு எத்தனை அடி உயரம், பிசாசுக்கு எத்தனை கொம்பு என்று ஆரம்பிக்கிறார்கள். அதெல்லாம் ஓவியர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய சமாச்சாரம். உண்மையான வரலாறு, உள்ளே மாட்டிக்கொண்ட சொந்தக்காரரை வெளியே எடுக்க இங்கே இருப்பவர்கள் போட்ட மனுக்களின் வரலாறு. தாலுகா ஆபீஸ் மாதிரியே இங்கேயும் சட்டம் கறாரானது, சிபாரிசு அதைவிட வலுவானது. மனு போட்டவர்கள் நாத்திகர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். முழங்கால் தேயத் தேய ஜெபித்தவர்களே அத்தனை பேரும்.

டிக்கெட் இல்லாத நாடகம்

ஆரம்பத்தில் சட்டம் எப்படி இருந்தது என்று பார்த்துவிடலாம். கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன், சுமார் 200ஆம் ஆண்டில், கிறிஸ்தவர்கள் நாடகம், தேர்ப்பந்தயம் எதற்கும் போகக்கூடாது என்று ஒரு புத்தகம் எழுதினார். பொழுதுபோக்கே கூடாதா என்று சபையார் முகம் வாடிவிடக் கூடாதல்லவா? கடைசி அத்தியாயத்தில் ஆறுதல் பரிசு ஒன்று வைத்தார். கொஞ்சம் பொறுங்கள், இதைவிடப் பெரிய காட்சி ஒன்று வருகிறது. நியாயத்தீர்ப்பு நாளில் நடிகர்கள் நிஜமாகவே அலறுவார்கள், தேரோட்டிகள் நெருப்புச் சக்கரத்தில் சுற்றுவார்கள், நாம் மேலே இருந்து பார்த்து மகிழலாம்!

இது ஏதோ ஒரு கோபக்காரரின் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. ஆயிரம் வருஷம் கழித்து, நிதானத்துக்கே பேர்போன தாமஸ் அக்குவினாஸும் அதே முடிவுக்கு வந்தார். மோட்சவாசிகள் நரகவாசிகளின் வேதனையைக் காண்பார்கள், இரக்கப்பட மாட்டார்கள், அதனால் அவர்களுடைய ஆனந்தம் கூடும். மேலே அம்மா, கீழே மகன் என்றால்? அப்போதும் இதே பதில்தான். இதை வரிசை வரிசையாக ஆட்சேபணை, மறுமொழி என்று பிரித்து நிரூபித்துக் காட்டியவர் ஒரு துறவி. பிள்ளைகுட்டி இல்லாதவர்.

மறுபக்கம், அலெக்சாந்திரியாவில் ஓரிஜன் என்ற மேதை, தண்டனையெல்லாம் திருத்துவதற்குத்தான், கடைசியில் எல்லோரும் கடவுளிடம் திரும்பிவிடுவார்கள் என்கிற பக்கம் சாய்ந்தார். சாத்தானுக்குக்கூட வாய்ப்பு இருக்கலாம் என்பதாக அவருடைய பேச்சைப் பலர் புரிந்துகொண்டார்கள். அவர் இறந்து முந்நூறு வருஷம் ஆன பிறகு, 543இல் பேரரசர் ஜஸ்டினியன் இந்தக் கொள்கையைக் கண்டித்து ஆணை போட்டார். 553இல் கான்ஸ்டான்டினோப்பிளில் கூடிய பொதுச்சங்கத்திலும் ஓரிஜன் பெயர் கண்டனப் பட்டியலில் ஏறியது. எல்லோருக்கும் விடுதலை கேட்டவருக்கே விடுதலை இல்லை.

நடுவில் அகுஸ்தினார். ‘கடவுளின் நகரம்’ என்ற மாபெரும் நூலின் 21ஆம் புத்தகத்தை, இளகிய மனசுக்காரக் கிறிஸ்தவர்களுக்குப் பதில் சொல்லவே அவர் பெருமளவு செலவிட்டார். இளகியவர்களில் எத்தனை கோஷ்டி என்கிறீர்கள்! அவர்களில் ஒரு கோஷ்டியின் வாதம் அபாரமானது. நியாயத்தீர்ப்பு நாளில் புனிதர்கள் எல்லோரும் கடவுளின் காலில் விழுந்து கெஞ்சுவார்கள். உயிரோடு இருந்தபோதே எதிரிகளுக்காக ஜெபித்தவர்கள், புனிதர்களாக உயர்ந்த பிறகா கல்மனசு ஆகிவிடுவார்கள்? அத்தனை பேர் கேட்டால் கடவுள் மறுப்பாரா? அகுஸ்தினார் மறுப்பார் என்றார். பக்கம் பக்கமாக மறுத்தார். ஆனால் அத்தனை பக்கம் தேவைப்பட்டதே, அதிலிருந்தே தெரியவில்லையா, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் என்ன நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது?

பாப்பரசரின் வயிற்றுவலி

சட்டம் இவ்வளவு கறாராக இருந்தும் ஒரு மனு பாஸ் ஆனது. மனுதாரர் சாதாரண ஆள் இல்லை, பாப்பரசர் முதலாம் கிரகோரியார். கைதியும் சாதாரண ஆள் இல்லை, ரோமப் பேரரசர் டிராஜன்.

டிராஜன் 117இல் இறந்தவர். கிறிஸ்தவர் அல்ல. கதைப்படி, அவர் படையோடு போருக்குக் கிளம்பும்போது ஒரு விதவை குறுக்கே வந்து, தன் மகனைக் கொன்றவர்களைத் தண்டித்துவிட்டுப் போ என்று மறித்தாள். சக்கரவர்த்தி இறங்கி, நியாயம் வழங்கிவிட்டுத்தான் போனார். ஐந்நூறு வருஷம் கழித்து, டிராஜனின் பழைய சதுக்கத்தைக் கடந்துபோன கிரகோரியாருக்கு இந்தச் சம்பவம் நினைவுக்கு வந்தது. இவ்வளவு நல்ல மனுஷன் நரகத்திலா? பேதுரு தேவாலயத்துக்குப் போய் அழுதார், அழுதார், அப்படி அழுதார். டிராஜனுக்கு விடுதலை கிடைத்துவிட்டது.

இங்கிலாந்தின் விட்பி மடத்தில் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட வரலாற்றில் இந்தக் கதை வருகிறது. கிரகோரியாரின் கண்ணீரே டிராஜனுக்கு ஞானஸ்நானம் ஆனது என்கிறது அது. இதில் வேடிக்கை, நரகத்தில் இருப்பவர்களுக்காக நல்லவர்கள் ஜெபிக்கக்கூடாது என்று உபதேசித்தவரே கிரகோரியார்தான். விதியை எழுதியவரே விலக்கும் வாங்கினார் என்றால், இனி வாசலில் கூட்டம் தாங்குமா? பிற்காலத்தவர்கள் உஷாரானார்கள். 13ஆம் நூற்றாண்டின் ‘பொன் வரலாறு’ தொகுப்பில் வானதூதர் வந்து கிரகோரியாரைக் கண்டிக்கிறார். தண்டிக்கப்பட்டவருக்காக மன்றாடியதற்கு அபராதம் உண்டு. இரண்டு நாள் உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேதனையா, வாழ்நாள் முழுக்க நோயா, நீரே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். கிரகோரியார் நோயைத் தேர்ந்தெடுத்தார். அவர் நிஜமாகவே வயிற்றுக்கோளாறும் வாதமுமாக வாழ்நாளெல்லாம் அவஸ்தைப்பட்டவர். ஆக, ஒரே கல்லில் டிராஜனுக்கு மோட்சமும் பாப்பரசரின் வயிற்றுவலிக்குக் காரணமும் கிடைத்துவிட்டன.

இறையியலாளர்களுக்குத்தான் தூக்கம் போயிற்று. நரகத்திலிருந்து யாரும் வெளியே வர முடியாது, பாப்பரசரும் தப்புப் பண்ண முடியாது, என்ன செய்வது? டிராஜன் உயிர்பெற்று உடம்புக்குத் திரும்பி, மனந்திரும்பி, ஒழுங்காக மறுபடி செத்து, முறைப்படி மோட்சம் போனார் என்று அக்குவினாஸ் வழி கண்டுபிடித்தார். தாந்தே அதையே எடுத்துக்கொண்டு டிராஜனை மோட்சத்தில் உட்கார்த்தினார். அதே தாந்தேயை நரகம் முழுக்கக் கைப்பிடித்துக் கூட்டிச்சென்ற கவிஞர் வெர்ஜில் மட்டும், நரகத்தின் முதல் வட்டத்துக்கே திரும்ப வேண்டியதாயிற்று. பாவம், அவருக்காக அழ ஒரு பாப்பரசர் அமையவில்லை.

நடுவில் ஒரு வீடு

ஆளுக்கொரு பாப்பரசரைப் பிடிக்க முடியாது. சாதாரணக் குடியானவனின் மாமியாருக்கு என்ன வழி? அதற்காக வளர்ந்து நின்றதுதான் உத்தரிக்கிற ஸ்தலம். மோட்சத்துக்கு அழுக்கு, நரகத்துக்குச் சுத்தம் என்ற ரகத்தினருக்கு. நம்மில் கிட்டத்தட்ட எல்லோரும் அந்த ரகம்தான். இங்கே நெருப்பு உண்டு, ஆனால் வெளியே வரும் வாசலும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, இங்கே மனு செல்லும். 1274இல் லியோன் பொதுச்சங்கம் இதற்கு முத்திரை குத்தியது.

அதற்கும் முன்பே, 11ஆம் நூற்றாண்டில், பிரான்சின் க்ளூனி மடத்து அதிபர் ஓடிலோ, இறந்தோர் எல்லோருக்காகவும் மன்றாட நவம்பர் 2ஆம் தேதியை ஒதுக்கிவிட்டார். காரணமாக ஒரு கதை உண்டு. சிசிலிப் பக்கம் ஒரு தவசி, எரிமலைக்குள்ளிருந்து பிசாசுகள் புலம்பும் சத்தத்தைக் கேட்டாராம். க்ளூனித் துறவிகள் ஜெபம் பண்ணிப் பண்ணி ஆத்துமாக்களைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள், எங்கள் பிழைப்பு கெடுகிறது என்று. ஒரு மடத்துக்கு எதிரியின் வாயாலேயே இதைவிட நல்ல சான்றிதழ் கிடைக்குமா? தமிழ்நாட்டில் கல்லறைத் திருநாளன்று பூ வாங்கி, மெழுகுவத்தி ஏற்றி, அப்பத்தாவின் கல்லறையைக் கழுவிவிடும் ஒவ்வொருவரும் ஓடிலோவின் நாட்காட்டிப்படிதான் நடக்கிறார்கள்.

ஓர் இறகின் அசைவு

இத்தனை வழி திறந்தும் ஒரு கூட்டத்துக்கு மட்டும் கதவு திறக்கவில்லை. பிறந்தவுடன் இறந்த, ஞானஸ்நானம் பெறாத குழந்தைகள். இவர்களுக்கும் தண்டனை உண்டு, ஆனால் இருப்பதிலேயே மிக லேசானது என்றார் அகுஸ்தினார். தாய்மார்களுக்கு அது ஆறுதலாகத் தெரியவில்லை. 12, 13ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் இன்னும் கொஞ்சம் இறங்கிவந்து, நெருப்பும் வேதனையும் இல்லாத, கடவுளின் முகமும் இல்லாத ‘லிம்போ’ என்ற விளிம்புப் பகுதியை ஒதுக்கினார்கள். பூமியிலும் அதே கதை. அந்தப் பிள்ளைகளுக்கு மந்திரித்த கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது.

தாய்மார்கள் இறையியல் படிக்கவில்லை. அவர்கள் ஓபர்பூரனுக்கு நடந்தார்கள். சுவிட்சர்லாந்தின் பெர்ன் பகுதியில் இருந்த மாதா கோயில் அது. அங்கே நடந்ததை கான்ஸ்டன்ஸ் ஆயர் 1486இல் ரோமுக்குப் புகாராகவே எழுதினார். இறந்த சிசுவைத் தணலுக்கும் மெழுகுவத்திகளுக்கும் நடுவில் கிடத்திச் சூடேற்றுவார்கள். உதட்டின்மேல் ஓர் இறகை வைப்பார்கள். இறகு ஆடினால், மூச்சு வந்துவிட்டது! மணியடித்து, பாட்டுப் பாடி, உடனே ஞானஸ்நானம். அடுத்த கணமே குழந்தை மறுபடி “இறந்துவிடும்”. ஆனால் இப்போது அது கிறிஸ்தவக் குழந்தை. தோட்டத்துக்குள் இடம் உண்டு, மோட்சத்திலும் உண்டு.

தணல் காற்றில் இறகு ஆடாமல் என்ன செய்யும் என்று ஆயர் கேட்டார். பௌதிகப்படி அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அங்கே நின்ற பெண்களுக்கும் அது தெரியாமலா இருந்திருக்கும்? அடுப்போடு பழகியவர்கள் அவர்கள்தானே. சட்டம் ஒரு மூச்சுதான் கேட்டது. ஒரு மூச்சைக் காட்டினார்கள். 1528இல் பெர்ன் சீர்திருத்தச் சபைக்கு மாறியதும் கோயிலை இடித்தார்கள். 1990களில் அந்த இடத்தைத் தோண்டிய தொல்லியலாளர்கள் சுமார் 250 சிசுக்களின் எலும்புகளைக் கண்டார்கள்.

லிம்போ என்ன ஆயிற்று? 2007இல் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் ஆணையம் வருஷக்கணக்கில் ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. லிம்போ என்பது மீட்பைப் பற்றிய ரொம்பக் குறுகலான பார்வை, அந்தக் குழந்தைகள் மோட்சம் போவார்கள் என்று நம்புவதற்குத் தகுந்த காரணங்கள் இருக்கின்றன. ஓபர்பூரன் பெண்கள் ஐந்நூறு வருஷம் முன்பே ஓர் இறகை வைத்துக்கொண்டு வந்துசேர்ந்த அதே முடிவு.

அப்பா இன்னும் சாகலையே!

1510-11 வாக்கில் ரோமுக்கு வந்த இளம் ஜெர்மானியத் துறவி ஒருவர், ‘புனிதப் படிக்கட்டு’ என்ற 28 படிகளையும் முழங்காலிலேயே ஏறினார். படிக்கு ஒரு ஜெபம். பலன், தாத்தா ஹைனேவுக்கு உத்தரிக்கிற ஸ்தலத்திலிருந்து விடுதலை. உச்சிக்குப் போனதும், இதெல்லாம் நிஜமோ என்னவோ, யாருக்குத் தெரியும் என்று ஓர் எண்ணம் ஓடியதாம். பிற்காலத்தில் அவரே சொன்னார். துறவியின் பெயர் மார்ட்டின் லூதர்.

அந்தப் பயணத்தில் அவருக்கு இன்னொரு வருத்தமும் இருந்தது. அப்பாவும் அம்மாவும் உயிரோடு இருக்கிறார்களே! செத்திருந்தால், ரோமில் இவ்வளவு பூசை வைக்கும்போதே அவர்களையும் மீட்டிருக்கலாமே! இதையும் அவரே எழுதியிருக்கிறார். ஊருக்குப் போன இடத்தில் தள்ளுபடி விலையில் நல்ல சரக்கு கிடைத்து, வீட்டில் வாங்க ஆள் இல்லாமல் போன ஏக்கம்.

சரக்கு என்று சும்மா சொல்லவில்லை. 1476இல் பாப்பரசர் நான்காம் சிக்ஸ்துஸ், உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருப்பவர்களுக்காகவும், காணிக்கை கொடுத்துத் தண்டனையைக் குறைக்கும் ‘பலன்’களைப் பெறலாம் என்று அறிவித்துவிட்டார். உயிரோடு இருப்பவன் தனக்காக வாங்கும்போது யோசிப்பான், பேரம் பேசுவான். செத்துப்போன அம்மா நெருப்பில் கிடந்து கூப்பிடுகிறாள் என்றால் மடியை அவிழ்க்காமல் என்ன செய்வான்? ரோமில் பேதுரு பேராலயம் எழும்ப வேண்டும், மைன்ஸ் பேராயர் பதவிக்காக வாங்கிய கடனை ஃபுக்கர் வங்கிக்கு அடைக்க வேண்டும். டெட்ஸெல் என்ற துறவி பெட்டியோடு ஊர் ஊராகக் கிளம்பினார். பெற்றோரின் அலறல் காதில் விழவில்லையா என்கிற ரீதியில் பிரசங்கம் நடந்தது. பெட்டி நிறைந்தது.

1517இல் லூதர் எழுதிய 95 வாதங்களில் 82ஆவது, ஜனங்கள் கேட்கும் கேள்வியாகவே வருகிறது. காசுக்காக இத்தனை ஆத்துமாக்களை விடுவிக்க முடிகிற பாப்பரசர், அன்புக்காக மொத்தமாகவே காலி பண்ணிவிட வேண்டியதுதானே? நியாயமான கேள்வி. ஐந்நூறு வருஷமாக இதற்கு நேரான பதில் வரவில்லை.

ஆனால் சீர்திருத்தக்காரர்கள் செய்த காரியத்தைப் பாருங்கள். லஞ்சம் வாங்கிய ஆபீசை இடித்துத் தள்ளிவிட்டார்கள். நல்லது. இனி மனு எங்கே கொடுப்பது? எங்கேயும் இல்லை. உத்தரிக்கிற ஸ்தலம் ரத்து, இறந்தோர் பூசை ரத்து. 1552ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில் இறந்தோருக்கான மன்றாட்டே இல்லாமல் போயிற்று. செத்த நிமிஷமே மோட்சம் அல்லது நரகம். ஊழல் ஒழிந்தது, கூடவே மாமியாரின் கடைசி நம்பிக்கையும்.

சவேரியார் சொன்ன பதில்

அதே காலத்தில் கத்தோலிக்க நரகம் கப்பலேறிக் கிழக்கே வந்துகொண்டிருந்தது. 1542 முதல் முத்துக்குளித்துறையில் பரதவர்களுக்கு மந்திரங்களைத் தமிழில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த பிரான்சிஸ் சவேரியார், 1549 ஆகஸ்டு 15 அன்று ஜப்பானின் ககோஷிமாவில் இறங்கினார். ஜப்பானியர்கள் அறிவாளிகள், கேள்வி கேட்பவர்கள் என்று அவருக்கு ஏக சந்தோஷம். கேள்விகள் வர ஆரம்பித்ததும் சந்தோஷம் கொஞ்சம் குறைந்தது.

இவ்வளவு நல்ல கடவுள், இத்தனை நாள் எங்களிடம் ஏன் சொல்லி அனுப்பவில்லை? சொல்லாமல் விட்டுவிட்டு, தெரியாமல் செத்த எங்கள் அப்பா அம்மாவை நரகத்தில் போட்டது எந்த ஊர் நியாயம்? அடுத்ததுதான் உச்சம். எங்கள் புத்த மதப் பிரிவுகளை நிறுவியவர்களைக் கூப்பிட்டால், நரகத்திலிருந்துகூட மீட்டுவிடுகிறார்கள். உங்கள் கடவுளுக்கு அந்த இரக்கம் இல்லையா?

சவேரியார் முதல் கேள்விக்குச் சமாளித்தார். கொல்லாதே, திருடாதே என்பதெல்லாம் யார் சொல்லாமலும் எல்லோர் மனசாட்சியிலும் கடவுள் எழுதித்தான் வைத்திருக்கிறார் என்றார். ஆனால் ஞானஸ்நானம் வாங்கியவர்கள் கடைசியாக ஒன்று கேட்டார்கள். எங்கள் பெற்றவர்களுக்காக, பெண்டாட்டி பிள்ளைகளுக்காக, நாங்கள் ஏதாவது தர்மம் பண்ணி, ஜெபம் பண்ணி வெளியே எடுக்க முடியாதா? வுல்ஃப்ராம் சொன்ன அதே பதிலைத்தான் சவேரியாரும் சொன்னார். முடியாது.

அவர்கள் அழுதார்கள். 1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் இதை அவரே சொல்கிறார். இந்தத் துக்கத்தால் அவர்கள் தங்கள் மீட்பிலாவது கவனமாக இருப்பார்கள் என்று ஒரு லாபக் கணக்கும் போட்டார். ஆனால் நண்பர்கள் அழுவதைப் பார்க்கத் தனக்கும் வேதனையாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். கணக்கு உபதேசியாருடையது, வேதனை மனுஷனுடையது. அதே வருஷம் டிசம்பரில் சீனாவின் வாசலில் ஒரு தீவில் இறந்துபோனார்.

செத்தவருக்கு ஆள்மாறாட்டம்

அமெரிக்காவுக்கு வருவோம். 1823இல் நியூயார்க் மாநிலத்தில் ஆல்வின் ஸ்மித் என்ற இருபத்தைந்து வயது இளைஞர் ஞானஸ்நானம் இல்லாமல் இறந்தார். அடக்கத்தில் பேசிய போதகர், பையன் போன இடம் நல்ல இடமில்லை என்று படும்படி பேசிவிட்டார். துக்க வீட்டில் பேசத் தெரியாத ஒருவரின் பேச்சு ஒரு புதிய மதப்பிரிவின் தலையாய சடங்குக்கே விதை போடும் என்று யார் கண்டார்கள்? ஆல்வினின் தம்பி ஜோசப் ஸ்மித், மார்மன் சபையைத் தொடங்கியவர்.

1836இல் ஜோசப்புக்கு ஒரு தரிசனம். அண்ணன் மோட்சத்தில் இருக்கிறார்! 1840இல் முழுத் தீர்வும் வந்தது. இறந்தவர்களுக்குப் பதிலாக உயிரோடு இருப்பவர்கள் ஞானஸ்நானம் வாங்கிக்கொள்ளலாம். ஜனங்கள் மிஸிஸிப்பி ஆற்றில் இறங்கிவிட்டார்கள். அவசரத்தில் பெண்கள் ஆண்களுக்காகவும் முங்கினார்கள். பிறகுதான் ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்று விதி செய்தார்கள்.

1877இல் யூட்டாவில் வில்ஃபர்ட் உட்ரஃப் என்ற மூத்த தலைவர், அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்கள் தன்னிடம் வந்து, கோயில் கட்டியும் எங்களை ஏன் கவனிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டதாகச் சொன்னார். உடனே அவர்களுக்காக ஞானஸ்நானம் வாங்கினார். அதே கையோடு கொலம்பஸ் போன்ற இன்னும் ஐம்பது பெரிய மனிதர்களையும் சேர்த்து நூறு பேரின் பட்டியலை முடித்தார். பட்டியலில் மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியும் உண்டு. ஊருக்கெல்லாம் ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியாருக்கே மறு ஞானஸ்நானம்! அமெரிக்க ஜனாதிபதிகளையும் விடவில்லை, மூன்று பேரைத் தவிர.

முன்னோரைக் கரையேற்ற முன்னோரின் பெயர் தெரிய வேண்டுமே. உலகத்திலேயே மிகப் பெரிய வம்சாவளி ஆவணச் சேகரிப்புகளில் ஒன்று, சால்ட் லேக் சிட்டி அருகே ஒரு கருங்கல் மலையைக் குடைந்த பெட்டகத்தில் இன்று இருக்கிறது. ஆல்வினின் அடக்கத்தன்று அந்தப் போதகர் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த மலை பிழைத்திருக்கும். இந்தப் பாசம் எல்லை மீறியதும் உண்டு. யூத இனப்படுகொலையில் மாண்டவர்களையும் பட்டியலில் சேர்த்து, யூத அமைப்புகள் கொதித்தெழ, 1995இல் அதை நிறுத்துவதாகச் சபை ஒப்பந்தம் செய்துகொண்டது. என் தாத்தாவை மோட்சத்துக்கு அனுப்புவது பாசம், அடுத்தவர் தாத்தாவை அவரைக் கேட்காமல் அனுப்புவது அத்துமீறல்.

செலவுத்தொகையுடன் தள்ளுபடி

அதே 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வழக்கு கோர்ட்டுக்கே போயிற்று. தென்னாப்பிரிக்காவின் நட்டாலில் ஆயராக இருந்த கொலென்சோ, கணக்கு வாத்தியார். பள்ளிக்கூட எண்கணிதப் புத்தகங்கள் எழுதியவர். ஜூலுக்கள் மத்தியில் போய் உட்கார்ந்ததும், மதம் மாறச் சொல்லப்படும் மனுஷனிடம் உன் மூதாதையர் அத்தனை பேரும் எரிகிறார்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது என்று திகைத்தார். 1861இல் ரோமர் நிருபத்துக்கு எழுதிய உரையில் முடிவில்லாத தண்டனையையே மறுத்துவிட்டார். போதித்துத் திருத்தப் போன ஆயரை ஜூலுக்கள் திருத்தி அனுப்பிவிட்டார்கள் என்று லண்டனில் கேலி கிளம்பியது. கேலி என்றாலும் தகவல் சரி.

இங்கிலாந்தில் ஹென்றி பிரிஸ்டோ வில்சன் என்ற போதகர், கடைசியில் எல்லோருக்கும் மீட்பு உண்டு என்று நம்ப இடமிருக்கலாமே என்று எழுதி வழக்கில் மாட்டினார். 1864 பிப்ரவரியில் பிரிவி கவுன்சில் தீர்ப்பு. எழுதியவர் லார்ட் சான்சலர் வெஸ்ட்பரி பிரபு. நரகம் நித்தியமானது அல்ல என்று நம்புவது ஆங்கிலிக்கன் சபைச் சட்டப்படி குற்றம் ஆகாது, விடுதலை. பிரபு நரகத்தைச் செலவுத்தொகையுடன் தள்ளுபடி செய்துவிட்டார் என்றும், ஆசாரமான சபையாருக்கு இருந்த கடைசி நம்பிக்கையான நித்திய ஆக்கினையையும் பறித்துவிட்டார் என்றும் வக்கீல்கள் மத்தியில் ஒரு கிண்டல் கல்லறை வாசகம் சுற்றியது.

குருமார்கள் விட்டார்களா? கிட்டத்தட்ட 11,000 பேர் சேர்ந்து, தண்டனை நித்தியமானதுதான் என்று கையெழுத்திட்டு அறிக்கை விட்டார்கள். நரகத்திலிருந்து ஆளை எடுக்கவே பதினெட்டு நூற்றாண்டாக மனு வந்துகொண்டிருந்தது. நரகமே இருக்கட்டும் என்று கூட்டமாகப் போட்ட மனு இது.

இந்த வழக்கின் கடைசித் தீர்ப்பை எழுதியவர் நீதிபதியும் இல்லை, பாப்பரசரும் இல்லை. கென்ட் மாவட்டத்து டவுன் கிராமத்தில் இருந்த ஒரு விதவை. எம்மா டார்வின் பக்திமான், தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். கல்யாணமான புதிதிலேயே, நம்பிக்கை இழந்துவரும் புருஷனுக்கு, நாம் என்றென்றைக்கும் ஒன்றாக இருக்க முடியாமல் போய்விடுமோ என்ற கவலையைக் கடிதமாக எழுதிக் கொடுத்தவர். அந்தக் கடிதத்தை முத்தமிட்டு அழுதிருக்கிறேன் என்று சார்லஸ் அதிலேயே குறித்துவைத்தார்.

பிள்ளைகளுக்காக எழுதிய சுயசரிதையில் சார்லஸ் டார்வின் விஷயத்துக்கு வந்தார். நம்பாதவர்களுக்கு நித்திய தண்டனை என்றால் என் அப்பா, என் அண்ணன், என் உயிர் நண்பர்கள் ஏறக்குறைய எல்லோரும் உள்ளே. இது நாசமாய்ப் போகிற கோட்பாடு. ராட்போட் காலை எடுத்த அதே காரணம், குரங்கு இல்லை, படிமம் இல்லை, பரிணாமம் இல்லை, சொந்தபந்தம்.

1882இல் அவர் இறந்து ஆறு மாதம் கழித்து எம்மா அந்தப் பகுதியின் மேல் ஒரு குறிப்பு எழுதினார். இதை அச்சிட வேண்டாம், ரொம்பக் கரடுமுரடாக இருக்கிறது. 1887 பதிப்பில் வரவில்லை. பேத்தி நோரா பார்லோதான் 1958இல் திரும்பச் சேர்த்தார். பக்தியுள்ள மனைவி, நம்பிக்கை இழந்த புருஷனின் வாயை மூடிவிட்டாள் என்று தோன்றுகிறதா? குறிப்பின் மிச்சத்தையும் பாருங்கள். நம்பாததற்காக நித்திய தண்டனை என்ற கோட்பாட்டை எவ்வளவு கடுமையாகத் திட்டினாலும் தகும். ஆனால் இன்றைக்கு அதையெல்லாம் கிறிஸ்தவம் என்று சொல்பவர் ரொம்பக் கொஞ்சம்.

வெட்டச் சொன்னது கோட்பாட்டைக் காப்பாற்ற அல்ல, அது ஏற்கெனவே செத்துவிட்டது என்பதால். தெர்த்துல்லியன், அகுஸ்தினார், அக்குவினாஸ், 11,000 கையெழுத்து, அத்தனையையும் அந்த அம்மாள் போகிற போக்கில் ஓரமாக நகர்த்திவைத்தார். செலவுத்தொகையை யார் தருவது என்பதை மட்டும் சொல்லவில்லை.